சேர்மாரும் டீச்சர்மாரும் ஏன் போகிறார்கள்? ஊருக்கு எங்கள் பதில்



பெற்றோர்களே, பள்ளிவாசல் நிர்வாகிகளே, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினரே, வெளிநாட்டில் இருந்து வாசிக்கும் பழைய மாணவர்களே,

ஒக்டோபர் 6 ஆசிரியர் தினம் வந்து போய்விட்டது. பிள்ளைகள் மாலை போட்டார்கள், பேனை தந்தார்கள், கேக் வெட்டினார்கள். பேஸ்புக் முழுக்கப் பழைய சேர்மாரின் படங்கள். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளைகளின் அன்பில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் அதே கிழமையில் கடையடியில் நடந்த கதை வேறு. "உயர்தரக் கணிதத்துக்கு ஆள் இல்லையாம். இருந்த சேரும் மாலைதீவுக்குப் போயிட்டாராம். இவங்களுக்குக் காசுதானே பெரிசு." இதைச் சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. தங்கள் பிள்ளையின் படிப்பை நினைத்துப் பதறிச் சொன்னவர்கள்தான். அதனால்தான் கோபப்படாமல், ஆனால் ஒளிக்காமல் பதில் எழுதுகிறோம். நீளமான பதிவு. வாசித்து முடித்துவிட்டு ஏசுங்கள்.

போகிறவர்கள் ஒரு வழியால் மட்டும் போகவில்லை. சிலர் மாலைதீவு, கட்டார், சவூதி என்று வெளிநாட்டுப் பாடசாலைகளுக்குப் போகிறார்கள். சிலர் நிர்வாக சேவை, கல்வி நிர்வாக சேவைப் பரீட்சைகளை எழுதி வேறு கதிரைக்கு மாறுகிறார்கள். சிலர் சர்வதேசப் பாடசாலைக்கோ முழுநேர டியூட்டரிக்கோ போகிறார்கள். சிலர் வயது வரமுன்பே ஓய்வுக் கடிதம் கொடுக்கிறார்கள். இதைவிடப் பெரிய கூட்டம் ஒன்று இருக்கிறது. அவர்கள் இந்தப் பக்கம் வரவே இல்லை. உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளையிடம் "ஆசிரியராகப் போறியா?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை சிரிக்கும். பக்கத்தில் நிற்கிற உம்மாவும் சிரிப்பா.

முதலில் சம்பளத்தின் கதையைச் சொல்கிறோம். இது நேற்றுப் பிறந்த பிரச்சினை இல்லை. 1997 இல் அரச சேவைச் சம்பளங்களைத் திருத்தியபோது ஆசிரியர், அதிபர் சம்பளம் சமமான மற்றச் சேவைகளுக்குப் பின்னால் தள்ளப்பட்டது. அந்த முரண்பாட்டை எத்தனையோ அரசாங்கங்களிடம் சொன்னோம். 24 வருடம் கழித்து, 2021 ஜூலை 12 இல் ஒன்லைன் கற்பித்தலில் இருந்து விலகினோம். அந்தப் போராட்டம் நூறு நாட்களைத் தாண்டியது. ஒக்டோபர் 25 இல் பாடசாலைக்குத் திரும்பினோம். சுபோதினி குழுவின் அறிக்கை சொன்ன அதிகரிப்பில் மூன்றில் ஒரு பங்கு 2022 ஜனவரியில் கிடைத்தது. மீதி மூன்றில் இரண்டு பங்கைக் கேட்டு 2024 ஜூன் 26 இல் சுகயீன லீவு எடுத்துக் கொழும்பில் கூடிய ஆசிரியர்களுக்குக் கிடைத்தது கண்ணீர்ப் புகையும் தண்ணீர்த் தாரையும். இதுதான் நீங்கள் 'கொழுத்த சம்பளம்' என்று சொல்கிற சம்பளத்தின் வரலாறு.

சரி, அந்த மூன்றில் ஒரு பங்காவது கையில் நின்றதா? கிடைத்த மூன்றாம் மாதமே நாடு விழுந்தது. 2022 ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கமே அறிவித்தது. அந்த வருடத் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. மே மாதமாகும்போது 360. மாதம் 60,000 ரூபா எடுத்த ஒருவரின் உழைப்பு 300 டொலராக இருந்தது, 167 டொலராக மாறியது. அவர் ஒரு பாடவேளையைக்கூடக் குறைக்கவில்லை. அதே பிள்ளைகள், அதே கரும்பலகை. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதாவது முதல் வருடம் நூறு ரூபாவுக்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமான் 195 ரூபாவுக்குப் பக்கத்தில் போனது.

"இப்ப பணவீக்கம் குறைஞ்சிட்டுதானே" என்று கேட்பவர்களுக்கு: விலை ஏறும் வேகம்தான் குறைந்தது. ஏறிய விலை ஏறினபடியே நிற்கிறது. அதற்கு மேல் 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது.

"சம்பளம் பதினையாயிரம் கூடினதுதானே" என்ற கதைக்கும் பதில் சொல்ல வேண்டும். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவில் இருந்து 40,000 ரூபாவாக உயர்ந்தது. வித்தியாசம் 15,750. ஆனால் அதற்குள் ஏற்கனவே வாங்கிக்கொண்டிருந்த 7,500 ரூபாக் கொடுப்பனவுகளும் சேர்க்கப்பட்டன. உண்மையான கூட்டல் 8,250. அதுவும் ஒரே நாளில் இல்லை. ஒரு பகுதி 2025 ஏப்ரலில், மீதி 2026 ஜனவரியிலும் 2027 ஜனவரியிலும். இது அடிமட்டச் சம்பளத்தின் கணக்கு. எங்கள் தரங்களுக்குத் தொகை மாறும், கணக்குப் போடும் முறை மாறாது. கொடுத்ததை மறுக்கவில்லை, நன்றியோடு எடுத்தோம். 2024 இல் வாழ்க்கைச் செலவுப் படி 7,800 இல் இருந்து 17,800 ஆனதையும் மறக்கவில்லை. ஆனால் பாதியாய்ப் போன சம்பளத்துக்குத் தவணை முறையில் ஒட்டுப் போடுவதை 'ஆசிரியர்களுக்கு அள்ளிக் கொடுத்தார்கள்' என்று எழுதுவது நியாயமில்லை.

இனி அந்தச் சம்பளச் சீட்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். இடர் கடன், வீட்டுக் கடன், விதவைகள் அநாதைகள் ஓய்வூதியக் கழிவு, சங்கக் கழிவு. எல்லாம் போய் மிஞ்சுவதில் கஷ்டப் பிரதேசப் பாடசாலைக்குப் போகும் டீச்சர் ஒருவர் இரண்டு பஸ், ஒரு த்ரீவீல் காசு கொடுக்க வேண்டும். மார்க்கர், பிரிஸ்டல் போர்ட், பயிற்சித் தாளுக்குப் போட்டோகொப்பி எல்லாம் பெரும்பாலும் சொந்தக் காசு. கொரோனாக் காலத்தில் ஒன்லைன் வகுப்புக்கு டேட்டா போட்டதும் சொந்தக் காசுதான். பிள்ளைக்குப் பாடம் எடுக்கத் தன் பணத்தைச் செலவழிக்கிற ஒருவரைப் பார்த்துக் 'காசுதானே பெரிசு' என்று சொல்ல நா எப்படி வருகிறது?

இந்த நிலையில்தான் 2022 ஜூனில் பொது நிர்வாகச் சுற்றறிக்கை 14/2022 வந்தது. அரச ஊழியர் ஐந்து வருடம் வரை சம்பளமில்லா லீவில் வெளிநாடு போகலாம், சேவை மூப்பும் ஓய்வூதியமும் பாதிக்காது என்றது. டொலர் இல்லாத நாடு தன் ஊழியரைப் பார்த்து 'போய் உழைத்து அனுப்புங்கள்' என்று கதவைத் திறந்து விட்டது. ஆசிரியர்களும் போனார்கள். எந்தப் பாட ஆசிரியருக்கு வெளியில் கிராக்கி அதிகம்? ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், தகவல் தொழில்நுட்பம். தமிழ் மொழி மூலப் பாடசாலைகளில் ஏற்கனவே எந்தப் பாடங்களுக்கு ஆள் குறைவு? அதே பாடங்கள்தான். போனவர்களைக் குறை சொல்ல மாட்டோம். கதவைத் திறந்ததும் அரசு, வீட்டுக்குள் இருக்க முடியாமல் ஆக்கியதும் அரசு.

ஆனால் சம்பளம் மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அது பாதி உண்மை. குறைந்த சம்பளத்தோடு இந்தத் தொழிலில் இருந்தவர்கள் எங்களுக்கு முந்தின தலைமுறையிலும் இருந்தார்கள். சைக்கிளில் வந்து படிப்பித்துவிட்டுப் போன அந்த சேர்மார் ஏன் போகவில்லை? அவர்களுக்குப் படிப்பிப்பது மட்டும்தான் வேலையாக இருந்தது. அதற்கு மேல், ஊர் அவர்களைத் தாங்கியது.

இன்று எங்கள் வேலையைக் கேளுங்கள். பாடத்திட்டக் குறிப்பு, பாடக் குறிப்பு, பதிவுப் புத்தகம், பாடசாலை மட்டக் கணிப்பீட்டுப் புள்ளிகள், அதையே திரும்பக் கணினியில் ஏற்றும் வேலை. வலயம் கேட்கிற தரவு, கோட்டம் கேட்கிற தரவு, மாகாணம் கேட்கிற தரவு. மூன்றும் ஒரே தரவு, மூன்று வேறு படிவம், 'இன்று பிற்பகல் 2 மணிக்கு முன் அனுப்பவும்'. சீருடை வந்தால் எண்ணுவது நாங்கள். பாடநூல் வந்தால் பங்கிடுவது நாங்கள். பகல் உணவுக் கணக்கு, டெங்குச் சிரமதானம், இல்ல விளையாட்டுப் போட்டி, தமிழ்த் தினம், மீலாத் போட்டி எல்லாம் நாங்கள். ஒவ்வொன்றும் தேவைதான். எல்லாவற்றுக்கும் ஒரே ஆள் என்பதுதான் நியாயமில்லை. ஒருவர் வெளிநாடு போனால் அவருடைய பாடவேளைகளும் மிஞ்சியவரின் நேரசூசியில்தான் விழுகின்றன. இப்படித்தான் ஒருவர் போகும்போது அடுத்தவரும் போகத் தயாராகிறார். இதற்கிடையில் புதிய கல்விச் சீர்திருத்தத்தோடு பாடசாலை நேரத்தை அரை மணித்தியாலம் நீட்டும் பேச்சும் வந்தது. நேரத்தை நீட்டலாம். நிற்க ஆள் யார் என்று யாரும் சொல்லவில்லை.

"காலை 7.30 இல் இருந்து 1.30 வரைதானே, அரை நாள் வேலை" என்பது ஊரில் எல்லோருக்கும் பாடமான வசனம். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். மொழிப் பாட ஆசிரியர் ஒருவருக்கு ஐந்து வகுப்பு, வகுப்புக்கு 40 பிள்ளை. 200 கொப்பி. ஒரு கொப்பிக்கு மூன்று நிமிடம் என்றால் 600 நிமிடம், பத்து மணித்தியாலம். இது கிழமையில் ஒருதரம் மட்டும் கட்டுரை எழுதக் கொடுத்தால். தவணைப் பரீட்சை வந்தால் 200 விடைத்தாள், தாளுக்குப் பத்து நிமிடம், 33 மணித்தியாலம். இந்த மணித்தியாலங்கள் எங்கே இருந்து வருகின்றன? இஷாவுக்குப் பிறகு. சொந்தப் பிள்ளை தூங்கின பிறகு. ஆசிரியர்களில் பெரும்பாலானோர் பெண்கள். சுபஹுக்கு எழும்பிச் சமைத்து, பிள்ளையை அனுப்பி, பஸ் பிடித்து, வந்து சமைத்து, பிறகு கொப்பியைத் திறக்கிற டீச்சருக்கு 'அரை நாள் வேலை' என்று சொல்கிற ஆண்கள், ஒரேயொரு கிழமை அந்த வாழ்க்கையை வாழ்ந்து காட்டட்டும்.

இனி நம் ஊரின் பங்கு. இது கொஞ்சம் கசக்கும், ஆனால் இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவே.

வட்ஸ்அப் குரூப்பில் இருந்து தொடங்குவோம். இரவு பதினொரு மணிக்கு "மிஸ், நாளைக்கு ஹோம்வேர்க் என்ன?" என்று வருகிறது. பதில் இல்லாவிட்டால் அரை மணித்தியாலத்தில் இன்னொன்று: "மிஸ் ஒன்லைன்ல நிக்கிறா, பதில் சொல்றா இல்ல." பிள்ளைக்கு இரண்டு புள்ளி குறைந்தால் விடைத்தாளின் படம் நூறு பேர் இருக்கிற குரூப்பில் வருகிறது. டீச்சரிடம் நேரில் ஒரு சொல் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடியும் விடயம், ஊர் முழுக்கச் சுற்றி, அந்த டீச்சரின் மாமியார் வீட்டில் போய் நிற்கிறது. பிள்ளையைக் கண்டித்தால் அடுத்த நாள் வாப்பா, சாச்சா, பெரியவாப்பா எல்லோரும் கந்தோருக்குள் வந்து நிற்கிறார்கள். பிள்ளையை அடிப்பதை நாங்கள் நியாயப்படுத்தவில்லை. அது சட்டப்படியும் பிழை, மனிதத்தன்மைப்படியும் பிழை. 'கொப்பி ஏன் கொண்டு வரவில்லை' என்று சத்தமாகக் கேட்டதற்கே மன்னிப்புக் கேட்க வைப்பதைப் பற்றித்தான் கதைக்கிறோம்.

அடுத்தது பேனர். தரம் 5 புலமைப்பரிசில் பெறுபேறு வந்தால் சந்தியில் பேனர். பிள்ளையின் படம், பக்கத்தில் டியூஷன் மாஸ்டரின் படம். எழுத்தறிவித்த தரம் 1 டீச்சரின் பெயர் எங்கும் இல்லை. வெட்டுப்புள்ளிக்குக் கீழே போன பிள்ளைக்குப் பேனர் இல்லை, ஆனால் பொறுப்பாளி உண்டு: பாடசாலை. வெற்றி டியூட்டரிக்கு, தோல்வி எங்களுக்கு. சாதாரண தரத்திலும் இதே பங்குதான். டியூஷனுக்கு மாதம் ஆயிரக்கணக்கில் கொடுக்கிற கை, பாடசாலை போட்டோகொப்பி இயந்திரத்துக்கு ஐந்நூறு ரூபா கேட்டால் "இலவசக் கல்விதானே" என்கிறது.

எங்களிலும் வகுப்பில் அரைவாசியைச் சொல்லி மீதியை டியூஷனுக்கு வைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நாங்கள் காப்பாற்ற வரவில்லை. தன் வகுப்புப் பிள்ளையிடமே காசு வாங்கிப் படிப்பிப்பது அமானிதத்துக்குத் துரோகம். அப்படி நடந்தால் அதிபரிடம் முறையிடுங்கள், நாங்களும் உங்களோடு நிற்போம். ஆனால் ஒரு சிலரைக் காட்டி ஒரு தொழிலையே ஏசாதீர்கள். ஆசிரியர்களில் பலர் டியூஷன் கொடுப்பதே இல்லை. சித்திரம், இஸ்லாம், உடற்கல்வி, ஆரம்பப் பிரிவு டீச்சர்மாருக்கு எந்த டியூட்டரி கதவைத் திறக்கிறது?

பிறகு இடமாற்றம். கஷ்டப் பிரதேசத்தில் ஐந்து, ஆறு வருடம் இருந்து வருகிறவரின் இடத்துக்கு, அரசியல்வாதியின் கடிதத்தோடு ஒருவர் முந்திக்கொண்டு வருகிறார். அந்தக் கடிதத்தை வாங்கிக் கொடுத்தவர் யார்? ஊரில் ஒரு பெரியவர்தான். வரிசையில் நின்றவர் முட்டாளாகிறார். அந்த ஆசிரியர் மனம் வெறுத்து வேறு வேலை பார்த்தால் 'சேவை மனப்பான்மை இல்லை' என்கிறோம்.

'சேவை' என்ற சொல்லையும் கொஞ்சம் பார்ப்போம். "ஆசிரியம் ஒரு இபாதத், அதற்குக் கூலி அல்லாஹ்விடம்" என்று மேடையில் சொல்கிறார்கள். நாங்களும் அதை நம்புகிறோம், மறுமைக் கூலி அல்லாஹ்விடம்தான். ஆனால் மின்சாரக் கட்டணம் மின்சார சபைக்கு, பால்மா காசு கடைக்காரருக்கு. பத்ர் யுத்தக் கைதிகளில் பணம் கொடுக்க முடியாத, எழுதத் தெரிந்தவர்களுக்கு, மதீனத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துப் படிப்பித்தலே விடுதலைக்கான ஈடாக வைக்கப்பட்டது என்று சீறாவில் படித்திருக்கிறோம். கற்பித்தல் அங்கே இனாமாகக் கருதப்படவில்லை. ஒரு மனிதனை மீட்கும் பெறுமதி அதற்குக் கொடுக்கப்பட்டது. தொழிலாளியின் கூலியைத் தாமதிக்காதீர்கள் என்று ஜும்ஆக் குத்பாவில் கேட்டுத் தலையாட்டுகிறோம். அந்தத் தொழிலாளி ஆசிரியர் என்றால் மட்டும் ஏன் அது பேராசை ஆகிறது?

நம் சமூகம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஏ.எம்.ஏ. அஸீஸ் இலங்கை சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் முஸ்லிம். அந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய உத்தியோகம் இல்லை. 1945 இல் ஏழைப் பிள்ளைகளுக்காக முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியத்தைத் தொடங்கினார். 1948 இல் அந்த உத்தியோகத்தை விட்டுவிட்டுக் கொழும்பு ஸாஹிராவுக்கு அதிபராக வந்தார். அவருக்கு முன் அதே கதிரையில் இருந்த டி.பி. ஜாயா, சட்டசபையில் இலவசக் கல்விக்காகக் குரல் கொடுத்தவர். அன்று பெரிய உத்தியோகத்தை விட்டுப் பாடசாலைக்கு வந்தார்கள். இன்று பாடசாலையை விட்டு எந்த உத்தியோகத்துக்கும் போகிறார்கள். ஆட்களின் குணம் மாறியதாக நாங்கள் நினைக்கவில்லை. பாடசாலைக்குக் கொடுத்த இடம் மாறிவிட்டது. கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதம் ஒதுக்குங்கள் என்று பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் 2012 இல் தெருவில் இறங்கினார்கள். நாடு இன்றும் 2 வீதத்தைச் சுற்றியே நிற்கிறது.

சரி, ஆசிரியர் போனால் நட்டம் யாருக்கு? போகிறவருக்கு இல்லை. வசதியான வீட்டுக்கும் பெரிய நட்டம் இல்லை. அந்த வீட்டுப் பிள்ளைக்கு சர்வதேசப் பாடசாலை இருக்கிறது, வீட்டுக்கு வருகிற மாஸ்டர் இருக்கிறார், ஸூம் வகுப்பு இருக்கிறது. நட்டம் த்ரீவீல் ஓட்டுகிற வாப்பாவின் மகனுக்கு. உம்மா சவூதியில் வீட்டு வேலைக்குப் போய், மூத்தம்மாவோடு இருக்கிற பிள்ளைக்கு. பாடசாலையில் சொல்லிக் கொடுப்பது மட்டும்தான் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கிற படிப்பு.

இன்னும் பெரிய நட்டம் நம் பெண் பிள்ளைகளுக்கு. ஊர்ப் பாடசாலையில் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவு ஆசிரியர் இல்லாமல் மூடப்பட்டால், ஆண் பிள்ளை பஸ் ஏறி நகரத்துக்குப் போவான், இல்லாவிட்டால் விடுதியில் நிற்பான். பெண் பிள்ளையை எத்தனை வீட்டில் அனுப்புவீர்கள்? "கலைப் பிரிவு செய்யட்டும், பிறகு பார்ப்போம்" என்பீர்கள். கலைப் பிரிவு குறைந்தது என்று சொல்லவில்லை. விருப்பம் இல்லாமல் ஒரு பிள்ளை அதற்குள் தள்ளப்படுவதைச் சொல்கிறோம். நாளைக்கு ஊருக்கு ஒரு பெண் வைத்தியர் வேண்டும், நம் பெண்களுக்குப் பெண் டொக்டர்தான் வேண்டும் என்று கேட்கிறீர்கள். அந்த டொக்டர் இன்று தரம் 10 இல் விஞ்ஞான ஆசிரியர் இல்லாத வகுப்பில் இருக்கிறார்.

அரசு செய்ய வேண்டியதைத் தொழிற்சங்கங்கள் கேட்கும், நாங்களும் கேட்போம். மீதி மூன்றில் இரண்டு பங்கு, தூர இடச் சேவைக்கு நியாயமான படி, எழுத்து வேலைக்கு வேறு ஆள், கடிதம் இல்லாத இடமாற்றம். இது கொழும்பில் தீர வேண்டியது. ஆனால் சில பாரங்களை இறக்கக் கொழும்பு தேவையில்லை. ஊர் நினைத்தால் இந்தத் தவணையிலேயே செய்யலாம்.

ஒன்று. வகுப்பு வட்ஸ்அப் குரூப்பை மஃரிபோடு மூடுங்கள். அதில் அறிவித்தல் மட்டும் வரட்டும். பிள்ளையின் புள்ளி, நடத்தை பற்றிய கதையை ஆசிரியரோடு நேரில் கதையுங்கள்.

இரண்டு. பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் பழைய மாணவர்களும் இன்னொரு நுழைவாயில் வளைவு கட்டுவதைக் கொஞ்சம் நிறுத்துங்கள். அந்தக் காசில் ஒரு போட்டோகொப்பி இயந்திரமும், தரவு ஏற்றவும் படிவம் நிரப்பவும் ஊரில் வேலையில்லாமல் இருக்கிற படித்த பிள்ளை ஒருவருக்கு மாதக் கொடுப்பனவும் கொடுங்கள். திணைக்கள விதிகளுக்குள், அதிபரின் அனுமதியோடு இதைச் செய்யலாம். ஒவ்வொரு ஆசிரியருக்கும் கிழமையில் பல மணித்தியாலம் மிஞ்சும். அந்த நேரம் உங்கள் பிள்ளைக்குத்தான் வரும்.

மூன்று. வெளியூரில் இருந்து வருகிற கணித, விஞ்ஞான ஆசிரியருக்குத் தங்க இடம் கொடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களின் எத்தனை மாடி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன? ஓர் அறையைத் திறந்து விட்டால் ஒரு பாடத்துக்கு ஆசிரியர் நிலைப்பார். சேர்ந்து வருகிற டீச்சர்மாருக்கு ஒரு வேனை ஒழுங்கு செய்வதும் பெரிய காரியம் இல்லை.

நான்கு. இடமாற்றத்துக்குக் கடிதம் எடுத்துக் கொடுக்காதீர்கள். உங்கள் சொந்த மகளுக்கும் எடுத்துக் கொடுக்காதீர்கள். அவளுக்கு நன்மை என்று நினைப்பது இன்னொரு வீட்டு மகளின் உரிமை.

ஐந்து. அடுத்த பெறுபேறு வரும்போது பேனர் அடிக்க வேண்டாம் என்று பள்ளிவாசல் நிர்வாகமும் பாடசாலையும் சேர்ந்து ஒரு முடிவு எடுங்கள். சித்தியடைந்த பிள்ளைக்கு வாழ்த்து, அடையாத பிள்ளைக்கு ஆறுதல். இரண்டையும் பாடசாலைக்குள் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இதில் எதுவும் எங்கள் சம்பளத்தை ஒரு ரூபாவால் கூட்டாது. ஆனால் போகலாமா, இருக்கலாமா என்று இரவில் கணக்குப் போடுகிற ஒருவருக்கு 'இருக்கலாம்' என்று சொல்ல ஒரு காரணம் கிடைக்கும். எங்களில் பலர் இன்னும் நிற்பது சம்பளத்துக்காக இல்லை. கொடுத்த கணக்கைப் பிள்ளை தானாகச் செய்து முடித்து நிமிர்ந்து பார்க்கிற அந்த முகத்துக்காக. ஆனால் அதைச் சொல்லிச் சொல்லியே எங்களை மலிவாக வாங்கப் பார்க்காதீர்கள்.

கடைசியாக ஒரு திகதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 2022 இல் ஐந்து வருட லீவில் போனவர்களின் காலம் 2027 இல் முடியத் தொடங்குகிறது. அப்போது அவர்கள் ஒவ்வொருவரும் முடிவெடுக்க வேண்டும்: திரும்பி வருவதா, இராஜினாமாக் கடிதம் அனுப்புவதா? அங்கே இருந்துகொண்டு அவர்கள் ஊர் பேஸ்புக்கைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆசிரியர்களைப் பற்றி நீங்கள் எழுதுகிற ஒவ்வொரு கொமன்டையும் வாசிக்கிறார்கள். அவர்களின் பதில் அரசாங்கத்தின் கையில் பாதி, உங்கள் கையில் பாதி.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

இந்தப் பதிவோடு உடன்படாதவர்கள் கீழே எழுதுங்கள், பதில் சொல்வோம். இரவு பத்து மணிக்குப் பிறகு எழுதினால் காலையில்தான் பதில் வரும். கொப்பி திருத்த இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் ஆசிரியர்கள்